பால் தட்டிய ரோல்

அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது பஸ் நிறுத்தத்தில்.

"என்னப்பா, வீட்டுல எப்படி இருக்காங்க? வெளிச்சத்துல உக்காந்தா ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டார்.

"இருக்கா" என்றேன். என் பஸ் இல்லை என்று தெரிந்தும், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் படலம் செய்யும் தொழிற்சாலையில் நான் மெஷின் ஆபரேட்டர். அவர் தரப் பரிசோதகர். எங்களுக்குள் அவர் பெயர் பூதக்கண்ணாடி. கொசு உட்கார்ந்து எழுந்த தடம் தெரிந்தாலும் ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நாங்கள் செய்தது சாதாரணப் படலம் இல்லை. உள்ளே துத்தநாக ஆக்சைடு கலந்திருக்கும். ஒவ்வொரு துகளும் கண்ணுக்கே தெரியாத அளவு பொடி. சரியாகக் கலந்தால் படலம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வெளிச்சத்தை விடும், வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை விடாது. தூள் கட்டிகட்டியாகச் சேர்ந்தால் வெள்ளையாக மங்கிவிடும். அதைத்தான் 'பால் தட்டியது' என்போம்.

நான் அங்கே சேர்ந்த பன்னிரண்டாவது வருஷம்தான் என் மனைவிக்கு வெயில் ஆகாமல் போனது. ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலே போதும், தோல் கொப்பளித்துவிடும். பகல் முழுக்க கனமான திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"வௌவாலுக்குத் தாலி கட்டிட்டோமேன்னு வருத்தமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். மூன்று மாதத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. கூப்பிட்டால்தான் பேசுவாள்.

மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், வீட்டுக்காரிக்கு வெயில் பட்டா தோல் கொப்பளிக்குது. நாலு ஜன்னலுக்கு மட்டும் படலம்... விலைக்குக் குடுத்தாலும் சரி."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. பாஸ் ஆன சரக்கு ஒரு முழம்கூட ஆளுங்க கையில கேட்டைத் தாண்டாது. போ, போ."

பூதக்கண்ணாடி அங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் புது ஆர்டருக்கு ஒரு சின்ன மாதிரி ரோல் ஓட்டினேன். பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு தெளிவாக ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை.

அவர் அதை விளக்குக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஃபெயில். பால் தட்டியிருக்கு."

"எங்க சார் பால்? உங்க கண்ணுலதான் புரை!"

"கண்ணும் என்னுது, கையெழுத்தும் என்னுது. இந்தக் குப்பையை நீயே தூக்கிட்டுப் போ. வீட்டு ஜன்னல்ல ஒட்டி வச்சு தினம் பாரு. அப்பவாவது வேலை வருதான்னு பார்ப்போம்."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழிவுச் சரக்கு என்று சீட்டெழுதி என் பையில் செருகினார்.

குப்பையானாலும் இல்லாததற்கு இது தேவலை என்று கொண்டுபோய் ஒட்டினேன். மனைவி திரையை விலக்கி, பயந்து பயந்து கையை நீட்டினாள். சாயங்காலம் வரை ஒரு புள்ளி இல்லை.

"அந்த மனுஷர்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கினதுக்கா?"

எனக்கு ஆறவில்லை. ரோலின் ஓரத்தில் வெட்டி வைத்திருந்த துண்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டே வாரத்தில் பதில் வந்தது: முதல் தரம்.

விசாரணை வைத்தார்கள்.

"நல்ல ரோலை ஏன் ஃபெயில் போட்டீங்க?"

"கண்ணு மங்கிடுச்சு சார்."

"ரோல் எங்கே?"

"அன்னிக்கே அரைச்சாச்சு. நானே நின்னு பார்த்தேன்."

அது பொய் என்று எனக்குத் தெரியும். தன் தப்பை மறைக்கிறார் என்று நினைத்தேன். ரோல் என் வீட்டில் இருந்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை; அன்று சுற்றி நின்று சிரித்தவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

அவரைப் பரிசோதனையிலிருந்து தூக்கி, பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். "பூதக்கண்ணாடிக்கே கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று சொல்லி அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெறும்வரை அவர் பெட்டிதான் கட்டினார்.

அவர் இறந்தபோது, எல்லோரும் போகிறார்களே என்று துக்கம் கேட்க நானும் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "நீங்கதானே அந்த ஜன்னல் வீட்டுக்காரர்?" என்றார்.

"கடைசியில சாருக்குப் பார்வை ரொம்ப மோசமோ?" என்று கேட்டுவைத்தேன்.

"பார்வைக்கு என்ன? போன வாரம் வரைக்கும் கண்ணாடி போடாமத்தான் பேப்பர் படிச்சார். பாஸ் போட்டா அது கேட்டைத் தாண்டாது, அதான் ஃபெயில் போட்டேன்னார். விசாரணையில உண்மையைச் சொல்லித் தொலைக்கறதுதானேன்னு சண்டை போட்டேன். சொன்னா அந்தப் பொண்ணு ஜன்னல்லேர்ந்து உரிச்சுட்டுப் போயிடுவாங்கடின்னார்."

அந்த ஜன்னலோரம் என் மனைவி பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளும் இல்லை.

படலம் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது.