இரண்டு தாடிக் கிழவர்கள்

"உள்ளே எடுத்துட்டுப் போற வேலையெல்லாம் வேணாம் சார். எங்க கண்ணு முன்னாடியே பாருங்க!"

சின்னவள் அதட்டிய அதட்டலில், எழுந்த பழம்பொருள் கடைக்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளே வெளிச்சம் நல்லா இருக்கும்மா."

"வெளிச்சமும் இருக்கும், மாத்தி வைக்க வசதியாவும் இருக்கும்."

"ஏய், சும்மா இருடி" என்று முழங்கையால் இடித்தாள் அவளுடைய மூத்த ஓரகத்தி. "மனுஷன் என்ன நெனப்பார்?"

மேஜைமேல் இரண்டு சீனப் பீங்கான் பொம்மைகள். இரண்டிலும் அதே தாடிக் கிழவன், தோளில் அதே மீன், முகத்தில் அதே சிரிப்பு. மாமியார் படுக்கையில் கிடந்தபோது மருமகள்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. ஒன்று அசல், ஒன்று நகல் என்றார். எது எது என்று கேட்டதற்கு, "ஒருநாள் தெரியும்" என்று சிரித்தார். அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

மகளின் காலேஜ் செலவுக்காகச் சின்னவள் தன்னுடையதை விற்க வந்தது போன வாரம். "இது நகல்" என்றார் கடைக்காரர். அவள் நம்புவாளா? ஒப்பிட்டுக் காட்டச் சொல்லி, இன்று பெரியவளையும் பொம்மையோடு இழுத்து வந்திருந்தாள்.

"பாருங்க, உங்களோடதுல காதுலேர்ந்து தோள் வரைக்கும் அச்சுல வார்த்த கோடு ஓடுது. அக்காவோடதுல கோடே இல்ல. தாடியை இழை இழையா கையால கீறியிருக்கான். இதுதான் அசல்."

"அக்கா முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாங்களாக்கும்?"

"அடிப்பாவி! இவர் மூஞ்சியையே இப்பதான் பார்க்கிறேன்." பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க அக்கா, உங்களுக்கென்ன! என்னோடதுதான் அசல். எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சின்னவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சார்!"

கடைக்காரர் பெரியவளின் கிழவனைக் கவிழ்த்து, அடியிலிருந்த துளைக்குள் டார்ச் அடித்தார். "உள்ளே ஏதோ காகிதம் இருக்கே..."

இடுக்கியால் இழுத்தார். சுருட்டி வைத்த துண்டுச் சீட்டு, மாமியாரின் கோணல் எழுத்து. பெரியவள் வாங்கி உரக்கப் படித்தாள்.

'அசல் சின்னவளுக்கு. எனக்குப் பெரியவளைத்தான் பிடிக்கும் என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். இதைப் பார்த்தாவது என்னை நம்பட்டும்.'

பெரியவள் தன் பொம்மையைச் சின்னவள் பக்கம் நகர்த்தினாள். "பாவம் அத்தை. கடைசி நேரத் தடுமாற்றத்துல மாத்திக் கொடுத்துட்டாங்க போல. இந்தா, இது உன்னோடது. எடுத்துக்க."

சின்னவளின் கை நீளவில்லை.

அத்தை சரியாகத்தான் கொடுத்திருந்தார். அன்று பெரியவள் டீ போட உள்ளே போன நேரத்தில், இரண்டு கிழவர்களையும் மாற்றி வைத்தது இதே கைதான்.