தோளில் பூத்த கை

அந்த மாரிமழைக் காலத்தில்தான் தென்மராட்சி ஊர்களில் வெண்பூ நோய் பரவியது. தோலில் வெள்ளைப் பூஞ்சணம் படரும்; படர்ந்த இடம் மரத்துவிடும். தொட்டால் மட்டுமே தொற்றும்.

பத்மாசினிக்கு அது இடத் தோளில் வந்தது. அவளுடைய கணவன் தியாகராசா கிளாலிக் கரையில் வள்ளம் ஏறிப் போய் எட்டு மாதம். தகவல் ஒன்றும் இல்லை. வீட்டில் அவள் மட்டும்தான்.

"ஆர் தொட்டது, பிள்ளை? அவரையும் கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரும் மருந்து பூசினால்தான் மாறும்," என்றார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார்.

"ஒருத்தருமில்லை, ஐயா."

"தானாய்ப் பூக்க உதென்ன செவ்வந்தியே?"

சட்டையை விலக்கிக் குனிந்து பார்த்தார். தோளில் இருந்தது ஒரு கையின் அடையாளம். அதில் மோதிரவிரல் பாதிதான். புகையிலை வெட்டும்போது கத்தி பட்ட தியாகராசாவின் விரலுக்கு மருந்து கட்டியவரே அவர்தான்.

இரண்டு மருந்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

"பூசினால் அடையாளம் போயிடுமே, ஐயா?"

"ஓம். மூண்டு நாளிலை."

வீட்டுக்கு வந்தவள் பொட்டலங்களைப் பிரிக்கவில்லை. வலக் கையை அந்த அடையாளத்தின் மேல், விரலுக்கு விரல் பொருத்தி வைத்தாள். அடுப்பில் சோறு குழையும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுடைய உள்ளங்கையும் வெள்ளையாகப் பூத்திருந்தது.