கப்பல் நின்ற பகல்

"அப்பா, கம்பியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறுங்க. அம்மா, அந்தப் பையை இப்படிக் குடுங்க. குரங்கு பறிச்சுடும்."

விஜயலட்சுமி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பிரகதாம்பாளின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். துரைராசு நான்கு படிக்கு ஒருமுறை நின்று மேலே பார்த்தார். குகை வாசல் இன்னும் உயரத்தில் இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய உல்லாசக் கப்பல் அன்று காலை மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்திருந்தது. சாயங்காலம்வரை ஊர் சுற்றலாம். மற்றவர்கள் பெரும்பாலும் கடைவீதிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். துரைராசு மட்டும், "பத்துமலைக் குகையைப் பாத்துடணும்" என்று பிடிவாதமாக நின்றார்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்கிற மனிதர் அவர். தனக்கென்று எதையும் கேட்காதவர். அதனால் விஜயலட்சுமி மறுக்கவில்லை. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவள்தான் லீவு போட்டு இருவரையும் கப்பலில் அழைத்து வந்திருந்தாள்.

வரும் வழியில் பஸ்ஸில் ஒரு அம்மாள் கேட்டாள்: "ஒரே பொண்ணாங்க? எம்புட்டு அனுசரணையா பாத்துக்குது!"

"எங்களுக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதாங்க" என்றார் துரைராசு.

மேலே ஏறி உள்ளே நுழைந்ததும் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுண்ணாம்புப் பாறை விழுதுவிழுதாகத் தொங்கியது. எங்கோ நீர் சொட்டியது. வெகு தூரத்தில் கூரை பிளந்து, அந்த வழியாக வெயில் இறங்கியது.

"நம்ம பெரிய கோயில் கோபுரத்தையே உள்ள நிறுத்திடலாம் போலருக்கே!" என்றாள் பிரகதாம்பாள்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் தயக்கத்தோடு அருகில் வந்தான்.

"ஐயா, வணக்கம். நான் பேராவூரணி நடராசன். கோலாலம்பூர்ல வேலை பாக்குறேன். தேங்கா வியாபாரி ஐயாவு அண்ணன் சொல்லியிருப்பாங்க."

"வாங்க தம்பி, வாங்க. தோப்பெல்லாம் எப்படி இருக்கு?"

"கஜா புயல்ல முக்கால்வாசி மரம் விழுந்துருச்சுங்க. அதுக்கப்புறந்தான் நான் இங்க வந்தேன். உங்க பக்கம் ஆத்துல தண்ணி வந்துருச்சுங்களா?"

"எங்க வந்துச்சு! போர்செட்ட நம்பித்தான் நாத்து விட்டிருக்கோம்."

விஜயலட்சுமி இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. துரைராசுவைத் தனியே அழைத்துப் போனாள்.

"இதுக்குத்தான் குகை குகைன்னு அடம் புடிச்சீங்களா?"

"கோவப்படாதம்மா. நேரா சொன்னா நீ வரமாட்டே. நல்ல பையன்னு விசாரிச்சுட்டேன். உனக்கு முன்னாடி கல்யாணம் ஆனது, அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் சொல்லியாச்சு."

"அவர் போனதோட எனக்கு அதெல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா."

கல்யாணமான இரண்டாம் வருடம், தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் ஒரு லாரி அவள் கணவனை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அதன்பிறகு எத்தனையோ வரன்கள் வந்தும் அவள் யாரையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

"அம்மாவுக்கு முட்டி வலின்னா எனக்குத்தான் போன் பண்றீங்க. நான் இன்னொரு வீட்டுக்குப் போயிட்டா உங்க ரெண்டு பேரையும் யாரு பாப்பா?"

பிரகதாம்பாள் அவர்கள் அருகில் வந்து நின்றாள். "நாங்க இன்னும் எத்தனை நாளைக்குடி? எங்களுக்கு அப்புறம் நீ ஒத்தையா நிக்கிறதை நெனச்சா ராத்திரி தூக்கம் வரலை. புடிக்கலைன்னா விட்டுடு. ஒரு வார்த்தை பேசிப் பாரு. எனக்காக."

விஜயலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடராசன் நின்ற இடத்துக்குப் போனாள்.

கூரை பிளந்து வெயில் விழுந்த இடத்தில் இருவரும் நின்று பேசினார்கள். முதலில் அவன் மட்டும் பேசினான். பிறகு அவளும் பேசினாள். ஒரு தடவை அவள் லேசாகச் சிரித்ததைப் பார்த்துப் பிரகதாம்பாள் துரைராசுவின் கையை அழுத்தினாள். அந்தச் சிரிப்பை அவர்கள் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

திரும்பி வந்த விஜயலட்சுமி, "நம்பர் வாங்கியிருக்கேன். அவ்வளவுதான். இப்பவே ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப்பக்கம் நடந்தாள்.

அவள் போனதும் நடராசன் துரைராசுவிடம் வந்தான்.

"ஐயா, எனக்கு அவங்களைப் புடிச்சிருக்கு. எவ்வளவு நாளானாலும் காத்திருக்கேன்னு சொல்லிட்டேன். ஆனா ஒரு விஷயம் மனசை உறுத்துது."

"சொல்லுங்க தம்பி."

"தவறிப்போனவரோட அப்பா அம்மா ஊர்ல இருப்பாங்கல்ல? பிள்ளையைப் பறிகுடுத்தவங்க. இதைக் கேள்விப்பட்டா அவங்க மனசு என்ன பாடுபடும்? ஊருக்கு வந்து அவங்களை நேர்ல பாத்து, ஒரு வார்த்தை கேட்டுட்டு மேல பேசலாம்னு நெனைக்கிறேன்."

பிரகதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். துரைராசு நடராசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு ஊருக்கு வர வேணாம் தம்பி. அவங்ககிட்டதான் இப்பப் பேசிக்கிட்டு இருக்கீங்க."