தகட்டில் விழுந்த தழும்பு

“அசையாதீங்க தம்பி! பத்து எண்ணி முடிக்கிறவரைக்கும் சிலை மாதிரி இருக்கணும். புது மாப்பிள்ளையாட்டம் நெளிஞ்சா, தகட்டுல ரெண்டு மூக்கு விழும்!”

படம் பிடிக்கும் ஈனோக் இப்படிச் சொன்னதும் ஜெத்ரோ சிரிப்பை அடக்கிக்கொண்டான். பின்னந்தலையை இரும்புக் கவ்வி பிடித்திருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வீடு வந்து எட்டு மாதமாகியும் உடம்பில் சதை பிடிக்கவில்லை. வலக் கன்னத்தில் பிறை போல ஒரு தழும்பு.

கான்சாஸ் சந்தைத் திடலில் ஈனோக்கின் வண்டி வந்து நின்றதுமே அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவள் மனைவி லவீனியா. போன வருஷம்தான் அந்தப் பக்கம் குடிவந்தவள்.

“ஒஹையோவுல இருக்கிற என் கொழுந்தனுக்கு அனுப்பணும் ஐயா. அண்ணன் உயிரோட வந்துட்டாருன்னு எழுதினா நம்ப மாட்டேங்கிறாரு. நான் விதவைன்னா, கோர்ட்டுல சொல்லி இவளைக் கூட்டிட்டுப் போயிடுவாராம்.” ஐந்து வயது மகள் டார்கஸை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“பெத்தவ நீங்க இருக்கீங்களேம்மா?”

“சட்டத்துக்கு அது போதாதே!”

ஈனோக் எண்ணி முடித்தார். ஈரத் தகட்டை வண்டியின் இருட்டறைக்குக் கொண்டுபோய் மருந்தை ஊற்றினார். முகம் மெல்லத் தெளிந்தது. கழுவி எடுத்து வெளியே வந்தபோது, டார்கஸ் ஒரு பழைய தகட்டை நீட்டினாள்.

“இதுவும் எங்க அப்பாதான்! சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தது.”

அதே தாடி, அதே பிறைத் தழும்பு. ஆனால் பழைய படத்தில் தழும்பு வலக் கன்னத்தில். புதியதில் இடக் கன்னத்தில்.

ஈனோக்குக்குச் சுரீர் என்றது. தகரத் தகடும் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒன்று. இடத்தை வலமாகத்தான் காட்டும். அப்படியானால் பழைய படத்து ஆளுக்கு நிஜத்தில் தழும்பு இடக் கன்னத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாவிட்டால் ஒரு பெண் ஏமாந்தே வாழ்வாள். கடைசியில் லவீனியாவை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“மனசைத் திடப்படுத்திக்கோங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்குத் தழும்பு இருந்தது இடக் கன்னத்துல. தகடு மாத்திக் காட்டுறது தெரியாம, இந்த ஆளு அதைப் பார்த்து வலக் கன்னத்துல கீறிக்கிட்டு வந்திருக்கான். இவன் உங்க புருஷனே இல்லை!”

அவள் அழவில்லை. எட்டிப் பார்த்தாள். ஜெத்ரோவின் தோளில் ஏறி, அவன் தொப்பியைப் பறித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் டார்கஸ்.

“என் புருஷன் செத்த சேதியை எழுதினதே, அவரோட படையில இருந்த இவர்தான் ஐயா. அந்தத் தகட்டைத் தபால்ல அனுப்பி, ‘இதே மாதிரி வந்து நில்லுங்க, என் பிள்ளையைக் காப்பாத்துங்க’ன்னு கெஞ்சினது நான். கன்னம் மாறிப்போனது இவர் வாசல்ல வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது,” என்றாள் லவீனியா. “கொழுந்தனுக்கு அண்ணனோட இடக் கன்னத் தழும்பு நல்லா ஞாபகம் இருக்கும்; புதுத் தகட்டுலயும் அது இடப் பக்கம்தானே தெரியுது. தகடு பண்ணின தப்பைத் தகடே திருத்தட்டும்னுதான் இவரை உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன்.”