இறக்கி விடுங்க தம்பி

“லிஃப்ட் வேண்டாம் தம்பி. இன்னிக்கு நான் படியிலதான் இறங்கப் போறேன்.”

“அக்கா, இது அஞ்சாவது மாடி.”

“தெரியும். அதனாலதான்.”

ஒரு கையில் ஃபைல், மறு கையில் அக்காவின் கைப்பை. இரண்டையும் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் பின்னாலேயே ஓடினார். எட்டு மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அக்கா, இப்போது கைப்பிடிக் கம்பியைக்கூடத் தொடாமல் இறங்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தலையில் புதிதாக முளைத்திருந்த ஓர் அங்குல நரைமுடி, குளித்துவிட்டு வந்த குருவிக்குஞ்சு மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் ரிசல்ட் வந்திருந்தது. உடம்பில் எங்கேயும் புற்று இல்லை. அந்த ‘எங்கேயும்’ என்ற சொல்லை மட்டும் அக்கா மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் கூடப் பிறந்த தம்பி இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு இதே ஆஸ்பத்திரியில், இதே வியாதியிலிருந்து பிழைத்தவர். அக்காவுக்கும் அது வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, “துணைக்கு நான் வர்றேன். இங்க எந்த ஃபேன் எவ்வளவு சத்தம் போடும்னு எனக்கு அத்துப்படி” என்று வந்து நின்றார். மருந்து ஏறிய நாள்களிலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஷாக் அடித்த கதைகளாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

மூன்றாவது மாடியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏங்க, ஒண்ணும் இல்லையாம்.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“இல்லைன்னா இல்லைதான்.”

போனில் ‘தொப்’பென்று ஒரு சத்தம்.

“மயங்கிட்டாரா?” எலக்ட்ரீஷியன் பதறினார். அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசனைக்கே கண்ணைச் சொருகுகிறவர். அதனால்தான் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“இல்ல, சோபாவுல உட்கார்ந்துட்டார். அந்த சோபா சத்தம் எனக்குத் தெரியாதா?”

கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும் கேட்டது. பிறகு அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, “வரும்போது ஷாம்பு வாங்கிட்டு வா. பெரிய பாட்டிலா” என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் நான்காவது மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கீழே வந்ததும் அவர் பக்கவாட்டுக் கதவைக் காட்டினார். “முன் வாசல் வேண்டாம். யாராவது பார்த்துட்டா நின்னு பதில் சொல்லணும். அப்புறம், அந்த வெயிட்டிங் ஹால் நாற்காலி இருக்கே தம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பே போச்சு. அவ்வளவு கட்டையா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

“ஒன்பது வருஷமா நான் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். யார் காதுல விழுந்துச்சு?”

கதவுக்கு எதிரிலேயே ஒரு சின்னப் பூங்கா. எலக்ட்ரீஷியன் நின்றார். “எனக்கு நல்ல சேதி கிடைச்ச அன்னிக்கு நேரா இங்க வந்து அரை மணி நேரம் ஊஞ்சலாடினேன். நீங்களும் ஏதாவது ஒண்ணு ஆடித்தான் ஆகணும்.”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சீசா பலகையின் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தார். மறுமுனையில் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்த வேகத்தில், அக்கா விர்ரென்று மேலே போனார். மேலேயே நின்றுவிட்டார். வியாதி அவரைப் பாதியாக்கியிருந்தது. எலக்ட்ரீஷியனோ ஒன்றரை ஆள்.

“இறக்கி விடுங்க தம்பி.”

“எட்டு மாசத்துல ஒரு தடவையாவது அழுதீங்களா?”

“இல்ல. இத்தனை பேர் பார்க்கிற இடத்துல நான் அழுதா நல்லாவா இருக்கும்?”

“அப்ப அழுங்க. அழுதாதான் இறக்குவேன்.”

பூங்காக் காவலாளி வேகமாக வந்தார். “பன்னிரண்டு வயசுக்கு மேல இதுல ஏறக்கூடாது. போர்டைப் பார்க்கலையா?”

“நான் பிறந்தே அரை மணி நேரம்தான்ப்பா ஆகுது” என்றார் அக்கா மேலேயிருந்து.

காவலாளி அந்த ஓர் அங்குல முடியைப் பார்த்தார். கீழே கிடந்த ஃபைலைப் பார்த்தார். எதிரே இருந்த கட்டடத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷம்தான்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் போய்விட்டார்.

அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் திரண்டது, திரண்டது நிற்கவில்லை. எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதார். நடுநடுவே சிரித்தார். எலக்ட்ரீஷியனும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில், இறக்கிவிட வேண்டும் என்பதையே மறந்துபோனார்.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அந்தரத்தில் இருந்தவரை அண்ணாந்து பார்த்தாள்.

“டாக்டர், திங்கக்கிழமையே திரும்ப டியூட்டிக்கு வர்றேன்னு சொன்னீங்களாமே. எட்டு மாசமா உங்க பேஷண்டுங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு என் காதே போச்சு. எத்தனை டோக்கன் போடட்டும்?”

“எல்லாருக்கும் போடும்மா.” ஒன்பது வருடங்களுக்கு முன்பு எலக்ட்ரீஷியனைப் பிழைக்க வைத்த அந்தப் புற்றுநோய் மருத்துவர், காற்றில் கால்களை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “இருபத்தஞ்சு வருஷமா ‘உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்’னு அவங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன், இனிமேலாவது உண்மையைச் சொல்றேன்.”