காற்றா, கரண்ட்டா?

"கல்லு மாதிரி உழைக்கிறதை விட்டுட்டு இந்தப் பொம்மையையா வாங்கப் போறீங்க சார்?"

அந்த அம்மாள் தன் ஏர் சிலிண்டரை மேசைமேல் டொம்மென்று வைத்தாள். பக்கத்தில் இளையவள் கொண்டுவந்த எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர். அது ராடு என்ற கம்பியைக் காற்றழுத்தத்தில் தள்ளும். இது கரண்ட்டில் தள்ளும். சோப்புப் பெட்டிகளை நகர்த்த, இரண்டில் ஒன்றைத் தொழிற்சாலை மேலாளர் இன்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இளையவள் விற்பனை வேலையில் சேர்ந்து ஆறு மாதம். ஒரு ஆர்டர்கூட இல்லை. இதுவும் தவறினால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிரில் இருப்பவளோ இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"ரெண்டு பேரும் ஏற்கெனவே பழக்கமா?" என்றார் மேலாளர்.

"எங்க திரும்பினாலும் எதிர்ல வந்து நிக்குது சார் இந்தப் பொண்ணு."

இளையவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். "எங்களோடதுல சத்தம் கம்மி சார். காத்தடிக்கிற கம்ப்ரசர் வேண்டாம், காத்துக் கசிவும் கிடையாது..."

"விலை மூணு மடங்கு! கெட்டுப்போனா யார் பார்ப்பா? என்னோடதை உங்க ஃபிட்டரே அரை மணியில சரிபண்ணிடுவார்."

அத்தனையும் உண்மை.

மேலாளர் மோவாயைத் தடவினார். "எங்க பெட்டி அஞ்சு சைஸ்ல வருதும்மா. பட்டனைத் தட்டினா ராடு அஞ்சு இடத்துல நிக்கணும். உங்க சிலிண்டர் நிக்குமா?"

அந்த அம்மாள் சிலிண்டரை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"நிக்காது சார். இந்தக் கோடி, அந்தக் கோடி, ரெண்டே இடம்தான். நடுவுல நிறுத்த ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரோட ஆள் வரணும். உங்களுக்கு அந்தப் பொண்ணோடதுதான் சரி. பொய் சொல்லி வித்துட்டு நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

விறுவிறுவென்று வெளியேறிவிட்டாள்.

ஆர்டரில் கையெழுத்து விழுந்ததும் இளையவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்தம்மாகிட்ட ஜாக்கிரதையா இரும்மா," என்றார் மேலாளர். "உன்னைக் கண்டாலே ஆகல போலிருக்கு."

வாசலில் ஸ்கூட்டரோடு அந்த அம்மாள் நின்றிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது." இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏறு. பொண்டாட்டிக்கு வேலை இருக்கா, போச்சான்னு என் பையன் நாலு தடவை போன் பண்ணிட்டான்."