சுற்றி உரித்த மரம்

மத்தியான வெளிச்சத்தில் வெளிறிய டிவியில், காட்டில் தனியாக வீடு கட்டும் வெள்ளைக்காரன் கூரைக்காக ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரிக்கிறான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்துப் பேச்சிப்பாறைப் பஸ்ஸில் வந்திறங்கிய ரோஸ்பாய் வாசலிலேயே நிற்கிறாள். அட்டை கடித்த கணுக்காலில் ரத்தம் நிற்கவில்லை. விரல்களில் ரப்பர் பால் காய்ந்து தோலாய்த் தொங்குகிறது. துபாயிலிருந்து திரும்பியபின் வேலைக்கே போகாத கணவன் செல்வதாஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, "பாத்தியாட்டி, மனுசன் எப்பிடி வாழுகான்!" என்கிறான். "சுத்தி உரிச்சா மரம் பட்டுப்போவும். எனக்க கத்தி ஒருக்கா பட்டயத் தாண்டித் தடியில பட்டதுக்கு, தோட்டத்துல மூணு நாள் வேல தரல்ல" என்கிறாள். "அவன் காட்ட நம்பி வாழுகவன். ஒனக்கு அதெல்லாம் மனசிலாவாது." அவள் விரலில் காய்ந்த பாலை உரித்தெடுக்கிறாள். நேரே போய், திரையில் சிரிக்கும் வெள்ளைக்காரனின் வாயில் அதை ஒட்டுகிறாள். "அடுத்தது ஒங்க வாயில."